நாற்பத்து மூன்றாவது கேள்வி

செங்கம்மாள் விடிகாலை நாலு மணிக்கு ஒரு தம்ளர் டீ குடிப்பாள். அதற்குப் பிறகு பகல் இரண்டு மணி வரை அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. விரதம் ஒன்றும் இல்லை, எந்தச் சாமிக்கும் வேண்டுதல் இல்லை. பதினோரு வருஷமாக அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும்படியான சங்கதி என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

சின்னசேலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. பதினாறு வயதில் கழுத்தில் தாலியோடு டில்லிக்கு ரயிலேறினாள். ஆசிய விளையாட்டுக்காக ஸ்டேடியங்கள் எழும்பிய நாட்களில் புருஷன் பரமசிவம் செங்கல் சுமந்தான், அவள் கலவை சுமந்தாள். விளையாட்டு முடிந்தது. கட்டடங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சுமந்தவர்களின் பெயர் யாருக்கு வேண்டும்? இருவரும் ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் கரையில், மதராசி கேம்பில், தகரக் கூரை போட்டு ஒரு அறை கட்டிக்கொண்டார்கள். பரமசிவம் இப்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசி மூட்டையும் தேங்காய் மூட்டையும் இறக்குகிறான். மகள் கவிப்ரியா ஒன்பதாம் வகுப்பு. தமிழில் சண்டை போடுவாள், இந்தியில் கணக்குப் போடுவாள்.

செங்கம்மாளுக்குத் தெற்கு டில்லியில் ஒரு பஸ் டிப்போவில் கூட்டும் வேலை. டிப்போவின் ஆள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள். அவளோடு கேம்பிலிருந்து போகிறவர்கள் இன்னும் பதினோரு பெண்கள். ஐந்து மணிக்கு உள்ளே நுழைய வேண்டும். எட்டு மணிக்கு மேனேஜர் வரும்போது முற்றம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

டில்லிக் குளிரில் டீசல் எஞ்சின் லேசில் எழும்பாது. அதனால் ஐந்து மணிக்கே ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்து அரை மணி, முக்கால் மணி உறும விட்டுவிட்டு, டிரைவர்கள் வெளியே போய் டயர் கொளுத்திக் குளிர் காய்வார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பஸ்கள், நூற்றுக்கு மேற்பட்ட புகைக்குழாய்கள். குனிந்து பெருக்குகிறவளின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ சரியாக அந்த உயரத்தில்தான் பஸ்ஸைக் கட்டியவர்கள் குழாயை வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குச் செங்கம்மாள் மூக்கைச் சிந்தினால் முந்தானையில் கறுப்பாக விழும். ஏழரை மணிக்குப் பஸ்ஸெல்லாம் தடத்துக்குப் போய்விடும். முற்றம் வெறிச்சென்று கிடக்கும், பனி விலகி வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது இவர்கள் முற்றத்தைப் பெருக்கி முடித்து, இரண்டு மணி வரைக்குமான மிச்ச வேலைக்கு ஷெட்டுக்குள் போயிருப்பார்கள்.

கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. "ஒம்போது மணிக்கு வந்து பெருக்கறோம். வண்டியெல்லாம் போனப்புறம்." இவ்வளவுதான். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தோமரிடம் இரண்டு வருஷமாகக் கேட்டாள். குளிருக்குத் தலையில் மப்ளர் சுற்றி, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க நடமாடும் மனிதர் தோமர். சிரிப்பார். அந்த நவம்பரில் சிரிக்கவும் இல்லை.

"உங்க ஜுக்கிக் குடிசையில விறகு எரிக்கிறீங்க, சாணி எரிக்கிறீங்க. நாலா நாத்தத்துல தூங்குறீங்க. அந்த இருமலைக் கொண்டாந்து பஸ் மேல போடறியா? இருமறவங்க வீட்டுல இருங்க. வேலைக்கு ஆளா இல்ல?"

சொன்னபடி செய்தும் காட்டினார். மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் படியில் உட்கார்ந்த அம்சவேணியை மறுநாள் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். செங்கம்மாளுக்கும் இருமல் இருந்தது. டிப்போவில் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் இருமுவாள். பஸ்ஸுக்குப் பின்னால் புகை. அங்கே போனால் இன்னும் அதிகமாக வரும்.

பரமசிவம் ஒருநாள் கோயிலிலிருந்து மந்திரித்த கயிறு வாங்கி வந்தான். "கையில கட்டிக்க. கண்ணேறு கழியும்."

"எவன் கண்ணு பட்டுது, புகையில கெடக்கிறவ மேல?" என்றாள் செங்கம்மாள். ஆனாலும் அவன் முகத்துக்காக வாங்கிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் அந்தச் சிவப்புக் கயிறு துடைப்பத்தின் கழுத்தில் இருந்தது. குச்சிகள் உதிராமல் நன்றாகப் பிடித்தது. கயிற்றால் ஆகக்கூடியது அதுதான், அதை அது ஒழுங்காகச் செய்தது.

* * *

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீல நிற ஐஸ்பெட்டி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் கேம்புக்கு வந்தாள். பெயர் சியாமளா. இருபத்தைந்து வயது. அப்பா ராமசுப்ரமணியன் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, வீடு ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ். நகரத்துக் காற்று மனிதர் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் அவளுக்கு வேலை. தமிழ் தெரியும் என்பதால் கேம்ப் அவள் தலையில் விழுந்தது. அவளுடைய தமிழ் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்தி, மிச்சம் கை.

"அக்கா, நாங்க ஏர் பொல்யூஷன் பாக்கறோம். பஸ் புகை. அதுக்கு உங்க... அது வேணும்." சின்னப் பிளாஸ்டிக் புட்டியைக் காட்டினாள்.

"எது?" என்றாள் பாப்பம்மாள். ஐம்பது வயது, கேம்பின் வாய்.

"யூரின்."

"மூத்திரமா?" பாப்பம்மாளின் குரல் நாலாவின் அடுத்த கரைவரை போனது. "புகைய மூக்குல பிடிக்கிறோம், நீ எங்க வந்து தேடற!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சியாமளாவும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் சந்தேகம் தலைதூக்கியது. கர்ப்பமா என்று பார்க்கிறார்களா? குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்களா? "எமர்ஜென்சி காலத்துல டில்லியில ஆஸ்பத்திரிக்காரன் பொட்டியோட வந்தாலே ஆம்பளைங்க மரத்துமேல ஏறிக்குவாங்க," என்றாள் பாப்பம்மாள். "நாங்க ஏறறதுக்கு இங்க மரமும் இல்ல."

செங்கம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "பஸ் புகைக்கும் அடுப்புப் புகைக்கும் இதுல வித்தியாசம் தெரியுமா?"

சியாமளா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து விளக்கினாள். புகையில் ஒட்டிக்கொண்டு நெஞ்சுக்குள் போகும் விஷங்களை உடம்பு உடைத்து, கரைத்து, மூத்திரத்தோடு வெளியே தள்ளுகிறது. அப்படி வரும் ஒன்றை லேபில் அளக்கலாம். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கள் காலை வேலைக்குப் போகுமுன் ஒரு புட்டி, ஆறு நாள் புகையில் நின்றபின் சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு புட்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

செங்கம்மாள் பாதி கேட்கும்போதே நிமிர்ந்துவிட்டாள். "அடுப்பு திங்கக்கிழமையும் எரியுது, சனிக்கிழமையும் எரியுது. சனிக்கிழமை ஏறுச்சுன்னா அது டிப்போதானே?"

"கரெக்ட் அக்கா! எங்க ஸாரே அதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துண்டார்."

"அப்ப எனக்கு ரெண்டு புட்டி குடு."

டிப்போவில் வேலை செய்யும் பதினொரு பேரும், வேலை போன அம்சவேணியின் இடத்துக்குப் புதிதாக வந்தவளும், ஆக பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். சியாமளா ஒரு படிவத்தை எடுத்தாள். நாற்பத்திரண்டு கேள்விகள். விறகா மண்ணெண்ணெயா, பீடி உண்டா, புருஷன் பீடி குடிப்பானா, கருகிய இறைச்சி தின்றாயா, வீட்டில் ஜன்னல் எத்தனை.

"ஜன்னலா?" என்றாள் பாப்பம்மாள். "கூரையில நாலு ஓட்டை. எழுதிக்க."

* * *

முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திங்கள் விடிகாலை, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று புட்டியை முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்து, கேம்புக்கு ஓடி வந்து கொடுத்தார்கள். சியாமளா எல்லாவற்றுக்கும் எண் ஒட்டி ஐஸில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுபோனாள். தன் அம்மா வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வா என்று சொன்னதைச் சொல்லிச் சிரித்தாள். செங்கம்மாள் சிரிக்கவில்லை. "எங்களத் தொட்டதுக்கா, புட்டியத் தொட்டதுக்கா?" என்று மட்டும் கேட்டாள். சியாமளாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. அதன்பின் அவள் அந்தக் கதையை எங்கும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"அக்கா, சாம்பிள் ரிஜெக்ட் ஆயிடுத்து. பன்னெண்டுல ஒம்போது. உங்களோடதும்."

"ஏன்? கொட்டிட்டியா?"

"இல்ல. ரொம்ப... காடா. கெட்டியா இருக்கு. ஒரு லிமிட் இருக்கு. அதுக்கு மேல கெட்டியா இருந்தா அந்த நம்பரை நம்பக்கூடாதுன்னு ரூல்."

உடம்பு நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேற்றும் கழிவு ஒன்று உண்டு. அதை அளந்துதான் மூத்திரம் கெட்டியா, நீர்த்ததா என்று பார்ப்பார்கள். இந்த ஒன்பது பேருடையது எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. உலகம் முழுவதும் பின்பற்றும் விதி. விதியில் தப்பில்லை. ஆனால் அந்த விதியைக் கடந்து வந்த மூன்று பேரை மட்டும் வைத்துப் படம் போட முடியாது. டிப்போப் பெண்களை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் என்று ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ டிரைவர்கள், கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள் போதும் என்றார்.

"கெட்டியா இருந்தா உள்ள விஷம் இல்லேன்னு ஆயிடுமா?" என்றாள் செங்கம்மாள்.

"அப்படி இல்ல அக்கா. நம்ப முடியாதுன்னுதான்."

"சரிதான். தோமரும் அதைத்தான் சொல்றான். எங்கள நம்ப முடியாது."

 சியாமளா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்கள்லாம் தண்ணி குடிக்கறதே இல்லையா?"

"காலையில டீ."

"அப்பறம்?"

"அப்பறம் ரெண்டு மணிக்கு."

"பத்து மணி நேரமா? ஏன்?"

செங்கம்மாள் அவளைப் பார்த்த பார்வை, இந்தப் படித்த பெண்ணுக்குக் கை கால் எதற்கென்று சொல்லிக் கொடுக்க வேண்டுமோ என்பது போல இருந்தது. "குடிச்சா எங்க போறது?"

சியாமளா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"டிப்போவுல ஆம்பளைங்களுக்குச் சுவரு இருக்கு. பஸ் டயரு இருக்கு. ஆபீசருக்குக் கக்கூஸ் இருக்கு, அதுக்குப் பூட்டு இருக்கு, பூட்டுக்குத் தோமர் இருக்கான். எங்களுக்கு என்னா இருக்கு? அதான், உள்ள போனாத்தானே வெளிய வரும்னு வாயக் கட்டிட்டோம். பதினோரு வருசமா இதான் பழக்கம். பாப்பக்காவுக்கு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நீர்க்கடுப்பு வரும், அப்ப லீவு எடுத்துக்கும்."

"எழுதிக்க," என்றாள் பாப்பம்மாள். "எந்தக் கேள்வின்னு பாத்து எழுதிக்க."

சியாமளா படிவத்தைப் புரட்டினாள். நாற்பத்திரண்டு கேள்விகள். கருகிய இறைச்சிக்கு ஒரு கேள்வி இருந்தது. வேலை செய்யும் இடத்தில் பெண் எங்கே ஒதுங்குகிறாள் என்று ஒரு கேள்வி இல்லை. படித்த ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று மாதம் தயாரித்த படிவம் அது. ஏழு பேரின் வீட்டிலும் கழிப்பறை இருந்தது, ஆபீசிலும் இருந்தது. இல்லாதவர்கள் இருப்பார்கள் என்று ஒரு தலைக்கும் தோன்றவில்லை. புகையில் அதிகம் நிற்கிறவர்கள் யாரோ அவர்களே கணக்கிலிருந்து விழுந்துபோகிறார்கள். விழுந்தபின் மிஞ்சிய கணக்கை வைத்துக்கொண்டு நகரம் இவ்வளவுதான் கெட்டிருக்கிறது என்று அச்சடிப்பார்கள்.

"ஒரு வாரம் டைம் குடுங்க அக்கா," என்று சொல்லிவிட்டுச் சியாமளா எழுந்தாள்.

* * *

அவள் பெரிய டாக்டரிடம் என்ன சண்டை போட்டாளோ, பத்தாம் நாள் ஒரு கடிதத்தோடு டிப்போவுக்கே வந்துவிட்டாள். மாதிரி சேகரிப்பதற்குச் சுத்தமான, பூட்டுள்ள, தண்ணீர் வசதியுள்ள அறை ஒன்று விஞ்ஞானக் காரணங்களுக்காகத் தேவை என்று மேனேஜருக்கு எழுதியிருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். தோமர் முணுமுணுத்துக்கொண்டே ஆபீசர் கழிப்பறையின் சாவியைக் கழற்றிச் செங்கம்மாளிடம் நீட்டினார். பதினோரு வருஷம் பன்னிரண்டு பெண்களின் அடிவயிற்றுக்குத் திறக்காத கதவு, பன்னிரண்டு புட்டிகளுக்குத் திறந்தது.

சனிக்கிழமை ஒத்திகை. சியாமளா கண்ணில் வைத்துப் பார்க்கும் பேனா போன்ற கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கெட்டியா, நீர்த்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். "இன்னிக்கு நல்லா தண்ணி குடிங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். மதியம் முதல் புட்டியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஐந்தாவதில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது தண்ணி!"

"பின்ன? நீதானே குடிக்கச் சொன்ன," என்றாள் பாப்பம்மாள் பெருமையாக. "நான் ஏழு லோட்டா. இவ ஆறு. வெள்ளையா இருந்தாத்தான் பாஸுன்னு எல்லாருக்கும் நாந்தான் சொன்னேன். பதினோரு வருசத்துப் பாக்கிய ஒரே நாள்ல குடிச்சாச்சு."

"ரொம்ப நீர்த்துப் போனாலும் ரிஜெக்ட் அக்கா!"

"போடி இவளே. கெட்டின்னாலும் ஆவாது, தண்ணின்னாலும் ஆவாது. இது மூத்திரமா, சாம்பாரா?"

வராண்டாவில் சிரிப்பு வெடித்தது. செங்கம்மாள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை தோற்றால் பெரிய டாக்டர் இன்னொரு கடிதம் எழுதமாட்டார் என்று சியாமளாவின் முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் ஒன்பது மணி என்பது கனவில்தான். தன் இருமல் அடுப்பின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அம்சவேணிக்குப் பின்னால் தன் முறை.

"எவ்ளோ குடிச்சா சரியா இருக்கும்? அளவு சொல்லு," என்றாள்.

"சாதாரணமா, அக்கா. எல்லாரும் குடிக்கற மாதிரி. தாகம் எடுக்கறபோது."

"தாகம் எடுக்கறதே எங்களுக்கு மறந்துபோச்சு கண்ணு. அளவா சொல்லு."

சியாமளா யோசித்தாள். "ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு கிளாஸ்?"

பெண்களிடம் கடிகாரம் கிடையாது. ஆனால் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது டிரைவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். செங்கம்மாள் அங்கேயே ஏற்பாடு செய்தாள். ஓக்லா போகும் முதல் வண்டி கேட்டைத் தாண்டும்போது ஒரு தம்ளர். நேரு பிளேஸ் இரண்டாவது நடை போகும்போது ஒன்று. லால் கிலாவிலிருந்து முதல் வண்டி திரும்பி வரும்போது ஒன்று. கழிப்பறைக்கு இரண்டிரண்டு பேராகப் போவது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

"லால் கிலா வந்துட்டான்!" என்று, விடிகாலையில் புட்டி கொடுத்துவிட்டு வந்த திங்கட்கிழமை, பாப்பம்மாள் கத்தினாள். பன்னிரண்டு பெண்கள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். லால் கிலா வண்டியின் டிரைவர் சர்தார்ஜி, தனக்குத்தான் ஏதோ மரியாதை நடக்கிறது என்று நினைத்து, மறுநாளிலிருந்து கேட்டில் நுழையும்போது ஹாரன் அடித்தார்.

அந்தச் சனிக்கிழமை சியாமளா ஒவ்வொரு சொட்டாகக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டாவதும் அளவுக்குள் நின்றதைப் பார்த்து, கருவியைக் கீழே வைத்து, செங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் வேறொன்றும் நடந்தது. மூன்றாம் நாள் செங்கம்மாள் கவனித்தாள், மதியத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரவில்லை. அது புகையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாதி, தண்ணீர் இல்லாததால் வந்த வலி.

* * *

திங்கட்கிழமை தோமர் கையை நீட்டினார். "ஒரு வாரம் முடிஞ்சாச்சு. சாவி."

"ஆய்வு இன்னும் முடியல சாப்."

"அதான் புட்டியெல்லாம் கொண்டுபோயாச்சே?"

"புட்டி போனா ஆச்சா? லேபு பாக்கணும், எழுதணும், அச்சுல வரணும். மேடம் சொன்னாங்க, ரெண்டு வருசம் ஆவுமாம்."

தோமர் மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஆய்வு முடியும்வரை என்றுதான் போட்டிருந்தது. சாவி செங்கம்மாளின் கழுத்திலேயே இருந்தது.

அந்த இரண்டு வருஷம்தான் சியாமளாவோடும் அவளுக்குச் சண்டை கொண்டுவந்தது. பிப்ரவரி கடைசியில் லேபின் முடிவு வந்துவிட்டது. ஆனால் அது ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவரும்வரை யாருக்கும் காட்டக்கூடாது என்றார்கள்.

"ரெண்டு வருசம் நான் இருமணுமா?" என்றாள் செங்கம்மாள். "பத்திரிகையில யாரு படிப்பாங்க? தோமர் படிப்பானா?"

"ரூல் அக்கா..."

"அது யாரு மூத்திரம்?"

சியாமளா பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்விட்டாள். நாலு நாள் கழித்து, பன்னிரண்டு கவர்களோடு வந்தாள். பொது முடிவைத்தான் மறைத்து வைக்க வேண்டும், ஒருத்தியின் உடம்பிலிருந்து வந்த எண்ணை அவளுக்கே மறைக்க முடியாது என்று வாதாடிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஒவ்வொரு தாளிலும் இரண்டே எண்கள், திங்கள், சனி. கவிப்ரியா இந்தியில் உரக்கப் படித்தாள். பன்னிரண்டு பேருக்கும் சனிக்கிழமை ஏறியிருந்தது. செங்கம்மாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

 தெரிந்த விஷயம்தான். முந்தானையில் கறுப்பாகப் பார்த்ததுதான். ஆனாலும் உடம்புக்குள் போய்த் திரும்பி வந்து தாளில் உட்கார்ந்திருக்கிறபோது அது வேறுமாதிரி இருந்தது.

"பொய் சொல்லல நாம," என்றாள் பாப்பம்மாள் மெல்ல. அவள் மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை.

* * *

மேனேஜர் அறைக்குச் செங்கம்மாளும் பாப்பம்மாளும் போனார்கள். தோமர் கூடவே நுழைந்தார். மேனேஜர் சதைப்பிடிப்பான, களைத்த மனிதர். பன்னிரண்டு தாள்களையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினாள் செங்கம்மாள்.

"இது வீட்டுப் புகை சாப்," என்று தோமர் ஆரம்பித்தார். "ஜுக்கியில இவங்க விறகு..."

"அடுப்பு வாரம் ஏழு நாளும் எரியுது சாப்," என்றாள் செங்கம்மாள் இந்தியில். "ஞாயித்துக்கிழமை இன்னும் அதிகமா எரியும், அன்னிக்குத்தான் எல்லாரும் வீட்டுல சாப்பிடறோம். அப்ப திங்கக்கிழமைதானே ஏறணும்? ஏன் சனிக்கிழமை ஏறுது? தோமர்ஜி சொல்லட்டும்."

தோமர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தாளைப் பார்த்தார். வெளியே ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் ஓரம் முழுக்கக் கரி படிந்திருந்தது. தினமும் பார்த்த கரிதான். மேனேஜர் அன்றைக்கு அதையும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நகரத்து டீசல் பஸ்களையெல்லாம் சி.என்.ஜி. வாயுவுக்கு மாற்று என்று கோர்ட்டு சொல்லியிருந்த காலம் அது. பத்திரிகைக்காரர்கள் புகைக்குழாய்களைத் தேடித் தேடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "இந்த ஆய்வு அச்சில் வருமா? அதில் நம்ம டிப்போ பேர் இருக்குமா?"

"இன்னும் போடல சாப்," என்றாள் செங்கம்மாள்.

பாப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், இருமலுக்காக அல்ல.

ஒன்பது மணி கிடைக்கவில்லை. எட்டு மணி கிடைத்தது. ஒரு மணி நேரத்தைக் குறைத்துத் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார் மேனேஜர். பரவாயில்லை, ஏழரைக்குப் பிறகு முற்றத்தில் பழுதாகி நிற்கும் வண்டிகள் தவிர வேறெதுவும் கிடையாது. அழுக்கு முற்றத்தைக் காலையில் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று பாப்பம்மாள் வெளியே வந்து சொன்னாள். அம்சவேணியையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செங்கம்மாள் அடுத்த வாரம் கேட்டாள். அதற்கு ஏப்ரல் வரை தோமர் இழுத்தடித்தார். ஆனால் எடுத்துக்கொண்டார்.

அடுத்த டிசம்பரில் சியாமளா நீலப் பெட்டியோடு மறுபடி வந்தாள். நேரம் மாறியபின் எண் என்ன ஆகிறது என்று பார்க்க இரண்டாவது ஆய்வு. இந்தத் தடவை கேம்புக்கு வரவில்லை, நேரே டிப்போவுக்கே வந்து வராண்டாவில் பெண்களோடு உட்கார்ந்தாள். செங்கம்மாளின் இருமல் முழுக்கப் போய்விடவில்லை. குறைந்திருந்தது. வாயில் முந்தானை திணிக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே இருமினாள்.

சியாமளா புதுப் படிவத்தை மடியில் வைத்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். விறகு, மண்ணெண்ணெய், பீடி, ஜன்னல்.

"நாலு ஓட்டை, இப்ப அஞ்சு," என்றாள் பக்கத்திலிருந்த பாப்பம்மாள்.

"கேள்வி நாப்பத்து மூணு," என்றாள் சியாமளா. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் உடைந்த தமிழில் தப்பு வராமல் நிதானமாகப் படித்தாள். "வேலை செய்யற இடத்துல பெண்களுக்குக் கழிப்பறை இருக்கா?"

கேட்டில் சர்தார்ஜியின் ஹாரன் அடித்தது. செங்கம்மாள் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு. எழுதிக்க," என்றாள். "சாவி எங்கிட்டதான் இருக்கு."